செவுளின் நிறம்

"…செவுளத் தூக்கிப் பாக்காம இந்தத் தெருவுல ஒருத்தரும் மீனு வாங்க மாட்டாங்க கண்ணு. உன் படத்துல செவுளு காப்பித்தூளு கணக்கா கீது. அத்தப் பாத்துட்டு யாரு வருவா?"

கஸ்தூரி அக்கா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மீன்களின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே, பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்பதுபோலச் சொன்னார்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலை ஒட்டி அவர் மீன் விற்கும் இடம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை இருக்கும். மற்ற ஞாயிறுகளில் அந்த நேரத்துக்கு அன்னக்கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். அன்று கூடையில் பாதிக்கு மேல் மீன் கிடந்தது. ஐஸ் உருகி, கூடையின் அடியிலிருந்து ஒரு கோடாகத் தண்ணீர் ரோட்டுக்கு ஓடியது.

என் கையில் கைப்பேசி. அதில் கஸ்தூரி அக்காவின் முகம், நான்கு நிமிடம் ஓடி முடித்து, கடைசிக் காட்சியில் உறைந்து நின்றது. சாம்பல் நிறத்தில், கண்ணைத் துடைத்தபடி.

அந்த முகத்தைச் செய்தது நான்தான்.

முப்பத்தாறு வயதில் ஹோம்வொர்க்

நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறவள். டி.சி. எழுதுவது, பஸ் பாஸ் பட்டியல் போடுவது, ஆண்டு விழா வீடியோவை வெட்டி ஒட்டுவது எல்லாம் என் தலையில். வீடியோ வெட்டுவதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, நானாகத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டது.

"தெரியும்னு சொல்ற, சர்டிபிகேட் எங்க?" என்று ஒருநாள் தலைமையாசிரியர் கேட்டார். சும்மாதான் கேட்டார். எனக்குத்தான் அது காலில் முள்ளாகத் தங்கிவிட்டது. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் வீடியோ டிப்ளமோ வகுப்பில் சேர்ந்தேன்.

வாரத்தில் ஐந்து நாள் கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு வேலைக்கு. மீதி இரண்டு நாள் அதே ரயிலில் அதே தாம்பரத்துக்குப் படிக்க. திங்கட்கிழமை எது, சனிக்கிழமை எது என்று உடம்புக்கு வித்தியாசம் தெரியாமல் போனது. வண்டலூர் தாண்டும்போது கண்ணை மூடினால் தாம்பரத்தில் யாராவது தோளைத் தட்டுவார்கள். ஒரு முறை யாரும் தட்டவில்லை. குரோம்பேட்டை வரை போய்த் திரும்பினேன்.

வகுப்பில் எல்லாருக்கும் நான் சுமதிக்கா. என் குழுவில் இரண்டு பேர். கீபோர்டு வாசித்துத் தானே பாட்டும் கட்டுகிற விக்னேஷ். கேமராவைத் தோளிலிருந்து இறக்காத ஜெனி. கடைசிப் பருவத்துக்கு நாங்கள் செய்யவேண்டியது ஒரு பாட்டு வீடியோ. படத்துக்குப் பாதி மதிப்பெண்தான். மீதிப் பாதி, படத்தை இரண்டு முறை பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சொன்னதைக் கேட்டு என்ன திருத்தினோம் என்பதற்கு.

ஜெனியின் வீடு அந்த ராஜகீழ்ப்பாக்கம் அடுக்குமாடியில். அவள் தினமும் வெளியே கிளம்பும்போது கஸ்தூரி அக்காவைப் பார்ப்பாள். "என்னமா சிரிக்கிறாங்க தெரியுமா அவங்க, சுமதிக்கா. கஸ்டமர் திட்டினாக்கூட சிரிக்கிறாங்க" என்றாள். விக்னேஷ் அன்றைக்கே ஒரு வரி கட்டிக்கொண்டு வந்துவிட்டான்: 'கடல் பஸ் ஏறி வருது எங்க தெருவுக்கு.'

கடல் உண்மையில் பஸ்ஸில் வரவில்லை. கோவளத்துக்கு அந்தப்பக்கம் உள்ள குப்பத்திலிருந்து நாலு பெண்கள் சேர்ந்து பிடிக்கிற சின்ன லோடு வண்டியில் வந்தது. பாட்டுக்கு பஸ்தான் ஒத்துவருகிறது என்று விக்னேஷ் சொல்லிவிட்டான்.

படம் எடுக்கட்டுமா என்று கேட்கப் போனோம். கஸ்தூரி அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும். எங்கள் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"எடுத்துக்க. யாவாரத்துக்கு இடைஞ்சல் இல்லாம எடுத்துக்க. அவ்ளோதான்."

அதை நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஜனங்கள் பேசுவதில் காதுக்கு நன்றாக இருப்பதை எழுதி வைப்பது என் வியாதி. கைப்பைக்குள் அதற்கென்றே ஒரு சின்ன நோட்டு உண்டு.

குறை சொல்ல ஒண்ணுமில்ல

முதல் பதிப்பை வகுப்பில் போட்டோம். 'செம', 'சூப்பர்', 'வேற லெவல்' என்று வந்தது. ஒருவன் கைத்தட்டிவிட்டு, "அடுத்தது எங்க படம், நீங்களும் இதே மாதிரி தட்டணும்" என்றான்.

கருத்துச் சொல்வதில் நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கல்யாணச் சாப்பாட்டில் உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு, வாசலில் நிற்கும் பெண்ணின் அப்பாவிடம் "எல்லாம் திருப்தி" என்று சொல்லி, ஆட்டோவில் ஏறியதும் ஆரம்பிப்பார்கள். உண்மையான கருத்து வேண்டுமென்றால் பெண்ணின் அப்பா ஆட்டோவில் ஒளிந்திருக்க வேண்டும்.

என் மாமியார் இன்னும் ஒரு படி மேலே. என் சாம்பார் சரியில்லை என்றால் "குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்பார். நன்றாக இருந்தால் எதுவும் சொல்லமாட்டார், இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வார். பத்து வருடத்தில் நான் கற்றது இதுதான்: வாயைப் பார்க்காதே, கரண்டியைப் பார்.

எங்கள் வகுப்பு மேடமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். "ஃப்ரெண்ட்ஸ் சொல்றதெல்லாம் ஃபீட்பேக் இல்ல. உங்களைத் தெரியாதவங்ககிட்ட காட்டுங்க. அவங்க சொல்றதை மட்டும் எழுதாதீங்க, எங்க தலை குனியுதுன்னு எழுதுங்க."

அதனால் ஜெனியின் குடியிருப்பு சங்க ஹாலைக் கேட்டோம். செயலாளர் நல்ல மனிதர். "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வச்சுக்குங்கம்மா, அப்பதான் எல்லாரும் ஃப்ரீ" என்றார். அன்றைய வகுப்புக்கு மேடமிடம் சொல்லிவிட்டு, டேபிள் டென்னிஸ் மேஜையை ஓரம் தள்ளி, பெரிய டிவியில் இரண்டாவது பதிப்பைப் போட்டோம்.

நான் டிவியைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முகங்களைப் பார்த்தேன். யார் எந்த நொடியில் கைப்பேசியை எடுக்கிறார்கள் என்று நோட்டில் கோடு போட்டேன். ஒரு நிமிடம் பத்து நொடியில் முதல் தலை குனிந்தது. ஒன்று இருபதில் ஐந்து தலை. ஒன்று நாற்பதுவரை ஹாலில் பாதிப் பேர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அரை நிமிடத்தில் திரையில் ஓடியது என்ன தெரியுமா? அந்தத் தெருவின் பெண்கள் மீனைப் பொறுக்கும் காட்சி. ஒவ்வொரு சங்கராவாக எடுத்து, செவுளைத் தூக்கி, உள்ளே ரத்தச் சிவப்பைப் பார்த்து, கீழே வைத்து, அடுத்ததை எடுப்பது. ஜெனி அதை மீனுக்கு அரை அடி தூரத்தில் குந்திக்கொண்டு எடுத்திருந்தாள். எங்கள் மூன்று பேருக்கும் பிடித்த இடம் அதுதான்.

பிறகு தாள்களைக் கொடுத்தோம். முப்பத்திரண்டு தாள் திரும்பி வந்தது. 'அந்தம்மா சிரித்துக்கொண்டே இருக்கிறார், கஷ்டம் தெரியவில்லை.' 'கலர் ஜாஸ்தி, நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது.' 'மீனை இவ்வளவு கிட்டத்தில் காட்டவேண்டுமா?' 'மனதைத் தொடவில்லை.' ஒருவர், 'பி பிளாக் லிஃப்ட் இன்னும் சரிசெய்யவில்லை' என்று எழுதியிருந்தார். அதையும் அறிக்கையில் சேர்க்கலாமா என்று விக்னேஷ் கேட்டான்.

சோகத்தை ஏற்றினோம்

என் வீட்டுக் கம்ப்யூட்டர் பழசு. ஒரு மாற்றம் செய்து ஓடவிட்டால், அது முடிவதற்குள் குக்கர் வைத்து இறக்கி, இட்லி ஊற்றி எடுத்துவிடலாம். காலை ஐந்து மணியிலிருந்து ஏழேகால் ரயில்வரை என் எடிட்டிங் நேரம். கண் எரியும். கழுத்தில் ஒரு நரம்பு கிட்டார் கம்பி மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும். வீட்டுக்காரர் ஒரு நாள் காபி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, "இந்தம்மாவ உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும் இப்ப" என்று சொல்லிவிட்டுப் போனார். எத்தனை நூறு முறை அதே முகம் திரையில் ஓடியதோ.

மூன்றாவது பதிப்பில் மீன் பொறுக்கும் அரை நிமிடத்தையும், கூடவே தண்ணீர் தெளிப்பதையும் எடுத்துவிட்டேன். நான்காவதில் சிரிப்புகளைக் குறைத்தேன். ஐந்தாவதில் வண்ணத்தை இறக்கினேன். சிவப்பைப் பாதியாக்கினால் படத்துக்கு ஒரு மழைக்கால ஏக்கம் வருகிறது. இன்னும் இறக்கினேன். இன்னும் வந்தது.

ஆறாவது பதிப்பில் ஒரு வேலை செய்தேன். கஸ்தூரி அக்கா வெயிலில் வியர்த்து, முந்தானையால் முகம் துடைக்கும் ஒரு நொடி இருந்தது. அதை நான்கு மடங்கு மெதுவாக்கினேன். கை கண்ணுக்குப் போகும் இடத்தில் விக்னேஷின் குரல் உடைந்தது. முடிந்தது. வியர்வை கண்ணீராகிவிட்டது. திரையில் பார்த்தபோது நானே அதை நம்பிவிட்டேன். அதைச் செய்தது நான் என்பது மறந்துபோய்.

"இது கொஞ்சம் பொய்தானே, சுமதிக்கா?" என்று ஜெனி கேட்டாள்.

"கேட்டவங்க எல்லாரும் இதைத்தானடி கேட்டாங்க" என்றேன். களைப்பில் இருப்பவர்களுக்கு இந்தப் பதில் ரொம்பப் பிடிக்கும். பொறுப்பை இன்னொருவர் மடியில் வைத்துவிடலாம்.

இரண்டு வாரம் கழித்து அதே ஹால், அதே பதினோரு மணி. இந்த முறை ஒரு தலை குனியவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாள்களில் 'பாவம்', 'மனதை உலுக்கியது' என்று எழுதியிருந்தார்கள். அறிக்கையின் வரைவைப் பார்த்த மேடம், "ஆடியன்ஸைக் கேட்கத் தெரிஞ்சிருக்கு உங்களுக்கு" என்றார். செயலாளர் அதைவிட மகிழ்ந்துபோய், படத்தைக் கேட்டு வாங்கி, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அங்கிருந்து அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு.

கல்லூரியில் ஒப்படைக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நான் அந்த வாரம் முதல்முறையாக ஆறு மணிவரை தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஜெனி கூப்பிட்டாள். "சுமதிக்கா, கஸ்தூரி அக்கா கூடை காலியாகவே மாட்டேங்குது. நாலு நாளா பத்து மணி வரைக்கும் உக்காந்திருக்காங்க."

குழுவில் வந்திருந்த செய்திகளை அவள் எனக்கு அனுப்பினாள். முதலில் வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். பிறகு யாரோ ஒருவர்: 'இந்தம்மாகிட்டதான் வாங்கறோம். மீன் இப்படியா இருக்கு? செவுள் கருத்துக் கிடக்கே.' அடுத்தவர்: 'நானும் கவனிச்சேன். ஐஸ் வச்ச பழைய மீன் போல.' அதற்கடுத்தவர்: 'பாவம்தான். அதுக்காகச் சாப்பிட முடியுமா?'

பாதிக் கூடை

அந்த ஞாயிறு வகுப்புக்குப் போகாமல் நேரே ராஜகீழ்ப்பாக்கம் போனேன். யாரோ ஒரு வாடிக்கைக்காரர் காட்டிய ஒரு துண்டை மட்டும்தான் கஸ்தூரி அக்கா பார்த்திருந்தார். முழுசாகக் காட்டு என்றார். காட்டினேன்.

நானும் என் பழக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலை எங்கும் குனியவில்லை. முந்தானை கண்ணுக்குப் போகும் இடத்தில் மட்டும் புருவம் கொஞ்சம் சுருங்கியது. கணக்கில் பிழை கண்டவர் முகம்.

முடிந்ததும்தான் அந்தச் செவுள் பேச்சு.

"பாட்டு நல்லா கீது" என்றும் சொன்னார். "ஆனா நான் எங்க அழுவுறேன்? வேர்வைய தொடச்சிகினு இருந்தேன். எட்டரைக்குள்ள கூடை காலியாவுது. இன்னாத்துக்கு அழுவப் போறேன்?"

"ஜனங்க அப்படிக் கேட்டாங்கக்கா. முப்பத்திரண்டு பேர்கிட்ட காட்டிக் கருத்து வாங்கினோம்."

"எப்போ காட்டின?"

"ஞாயித்துக்கிழமை. பதினோரு மணிக்கு."

கஸ்தூரி அக்கா தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினார். முதல்முறையாக அன்றைக்குச் சிரித்தார்.

"ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு என்கிட்ட மீனு வாங்கினவங்க வூட்ல இன்னா நடந்துகினு இருக்கும்? கொழம்பு கொதிச்சிகினு இருக்கும். வறுக்கறதுக்கு மசாலா தடவிகினு இருப்பாங்க. அத்த வுட்டுட்டு உன் படத்துக்கு வருவாங்களா? அந்த நேரத்துல சும்மா குந்தினு கீறவங்க யாரு? மீனே வாங்காதவங்க."

கோடு போட்ட என் நோட்டு கைப்பையில் இருந்தது. ஒன்று பத்திலிருந்து ஒன்று நாற்பதுவரை குனிந்த தலைகள். செவுளைப் பார்க்கப் பிடிக்காமல் குனிந்தவை. செவுளைத்தான் முதலில் பார்ப்பவர்கள் யாரும் அந்த ஹாலிலேயே இல்லை. தெருவில் பாதிப் பேர் வாங்குகிற மீனை, வாங்காத பாதியிடம் காட்டி, அவர்கள் சொன்னபடி திருத்தியிருக்கிறோம். இரண்டு முறை. அதே பதினோரு மணிக்கு.

"தண்ணி தெளிக்கறதையும் வெட்டிட்ட" என்றார். அவர் பேச்சை நிறுத்தவில்லை. "தண்ணி பட்டாத்தான் மீனு மினுக்கும். பொம்பளைங்க பொறுக்கறத வெட்டிட்ட. அவங்க பொறுக்கப் பொறுக்கத்தான் பக்கத்துல நிக்கறவங்களுக்கு நம்பிக்கை வரும். நீ வெச்சிருக்கறதுல யாருமே மீனத் தொடல. நான் மட்டும் ஒத்தைல குந்தினு கீறேன்."

இதைவிடத் துல்லியமாக என் படத்தைப் பற்றி இன்றுவரை யாரும் சொன்னதில்லை. என்ன, அவர் தாளில் எழுதித் தரவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த ஐந்து நாள் காலையில் ஏழாவது பதிப்பைச் செய்தேன். சிவப்பை ஏற்றினேன். பொறுக்கும் அரை நிமிடத்தையும் தண்ணீர் தெளிப்பதையும் திரும்பச் சேர்த்தேன். வியர்வையை வியர்வையின் வேகத்தில் ஓடவிட்டேன். ஒப்படைத்தபோது மேடம், 'முந்தைய பதிப்பில் இருந்த உருக்கம் போய்விட்டது. பார்வையாளர் கருத்தைக் கைவிட்டது ஏன்?' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார். ஏன் என்று மூன்று பக்கம் எழுதினேன். அவர் படித்தாரோ இல்லையோ. சர்டிபிகேட் வந்தது. தலைமையாசிரியர் அதைப் பார்க்கவே இல்லை. கேட்டது அவருக்கு ஞாபகமில்லை.

புதிய படத்தைச் செயலாளரிடம் கொடுத்தோம், அதே குழுவில் போட்டார். ஆனால் முதல் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் இரண்டாவதைப் பார்க்கவில்லை. கூடை பழையபடி எட்டரைக்குக் காலியாக இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் ரயிலில் வண்டலூர் தாண்டும்போது எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்த ஞாயிறு காலையில் என்னிடம் இருந்தது களைப்பும், கைப்பேசியும், மன்னிப்புக் கேட்பதற்காக ரயிலில் தயார் செய்து வைத்த நாலு வரியும்தான். அதில் முதல் வரியை ஆரம்பித்தேன்.

"அத்த அப்பால சொல்லு" என்றார் கஸ்தூரி அக்கா. எழுந்து, தான் உட்கார்ந்திருந்த முக்காலியை என் பக்கம் தள்ளினார். "நீ இங்க குந்து. தண்ணி தெளிச்சிகினு இரு. ஈ உக்கார வுடாத. யாராச்சும் கேட்டா, வராங்கன்னு சொல்லு."

உட்கார்ந்தேன். எவ்வளவோ நாள் கழித்து உட்கார்ந்தது போல இருந்தது.

அவர் கூடையில் கையை விட்டு, பெரிய சங்கரா ஒன்றை எடுத்தார். தண்ணீரில் ஒரு முறை அலசினார். என் மடியிலிருந்த கைப்பேசியை ஈரக்கையாலேயே எடுத்து, "இத்த எங்க அமுக்கினா ஓடும்?" என்று கேட்டார். காட்டினேன்.

அந்தக் குடியிருப்பின் வாசலில், விற்பனையாளர்கள் உள்ளே வரக்கூடாது என்று ஒரு போர்டு உண்டு. அந்த மதிலை ஒட்டி ஒன்பது வருடம் மீன் விற்றும், ஒருநாளும் அவர் அந்த கேட்டைத் தாண்டியதில்லை என்று ஜெனி சொல்லியிருக்கிறாள். அன்று கஸ்தூரி அக்கா நேரே போர்டுக்குக் கீழே போய் நின்றார். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அக்கா அவர் முகத்துக்கு நேரே இடது கையில் படத்தையும் வலது கையில் மீனையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, கட்டைவிரலால் செவுளைத் தூக்கினார்.